அலைகரைக்கு அப்பால் ஒரு வீடு

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் உம்மாவின் ஊருக்குப் போயிருந்தோம். கெக்கிராவைக்கு அப்பால் ஒரு சிறிய குளத்தைச் சுற்றி அமைந்த ஊர் அது. கட்டாரில் பதினான்கு வருடங்கள் வேலை செய்த மாமாவும் அப்போது விடுமுறையில் வந்திருந்தார். குளத்தின் மேற்பக்கத்தில், மருதமும் நாவலும் பாலையும் நிறைந்த மூத்தாப்பாவின் காணி அவருடைய பங்குக்கு வந்திருந்தது. அதில் ஒரு விடுமுறை வீடு கட்ட வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"மகள், நீங்க டெக் படிக்கிறீங்க தானே. எனக்கு ஒரு பிளான் கீறித் தாங்களே. காலையில கண்ண முழிச்சா தண்ணி தெரியணும். அவ்வளவுதான்" என்றார்.

உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் கற்பவள் என்பதற்காக எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. மகிழ்ச்சியோடு கொப்பியை எடுத்துக்கொண்டு காணிக்குப் போனேன். அங்கே வீட்டுக்கான நான்கு மூலைகளிலும் மாமா ஏற்கனவே முளை அடித்திருந்தார். தண்ணீருக்கும் முளைகளுக்கும் இடையில் முப்பது அடிகூட இல்லை. பார்வையை மறைத்த இரண்டு மருதமரங்கள் தறிக்கப்பட்டுக் கிடந்தன. மேலும் ஐந்து மரங்களில் சிவப்புத் தீந்தையால் அடையாளம் இடப்பட்டிருந்தது.

எங்களோடு வந்த உம்மும்மா முளைகளைப் பார்த்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மாமாவிடம், "இது குளத்துட இடம் மகன். குளம் ஒரு நாளைக்கு வந்து கேக்கும்" என்றார்.

அந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு விடுமுறை முழுவதும் தேவைப்பட்டது. அப்போது நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

குளத்தின் வீடு எது?

குளம் என்றால் தண்ணீர் நிற்கும் பள்ளம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். உண்மையில் எமது உலர் வலயத்துக் குளம் பல உறுப்புகளைக் கொண்ட ஓர் உடல். கீழ்ப்பக்கத்தில் குளக்கட்டும் துருசும் வானும் இருக்கின்றன. அவற்றை எல்லோரும் அறிவர். மேற்பக்கத்திலும் உறுப்புகள் உள்ளன. மாரியில் நீர் ஏறி, கோடையில் இறங்கும் ஓரப்பகுதியை நாம் அலைகரை என்கிறோம். அதையொட்டி மருதம் போன்ற நீர்விரும்பி மரங்கள் வரிசையாய் நிற்கும். சிங்களக் கமக்காரர் இந்த மரவரிசையைக் கஸ்கொம்மன என்று அழைப்பர். வெள்ளம் ஏறும்போது அந்த மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். அவற்றின் வேர்கள் கரையைப் பிடித்து வைத்திருக்கும். அவை காற்றைத் தடுப்பதனால் குளத்து நீர் ஆவியாவது குறையும். அதற்கும் மேலே பெரஹன எனப்படும் புற்பரப்பு உண்டு. பெரஹன என்றால் வடி. மழைநீர் அடித்துவரும் மண்ணை அந்தப் புல் வடித்து நிறுத்திவிட்டு, தெளிந்த நீரைக் குளத்துக்கு அனுப்பும்.

இவ்வாறான குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய்த் தொடராக அமைந்து, மேற்குளத்தில் வழிந்த நீரைக் கீழ்க்குளம் ஏந்துகிறது. இந்தத் தொடர்குளக் கிராம முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

இப்போது மாமாவின் நான்கு முளைகளையும் மீண்டும் பாருங்கள். அவை கஸ்கொம்மனவின் நடுவிலேயே அடிக்கப்பட்டிருந்தன. அங்கே வீடு கட்டினால் மரங்கள் போகும். மரம் போனால் கரை அரிக்கும். கரை அரித்தால் குளம் மண்ணால் தூர்ந்து ஆழம் குறையும். ஆழம் குறைந்தால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் இராது. ஒரு வீட்டின் காட்சிக்காக ஒரு ஊரின் வயல் கடன்படும். உம்மும்மா சொன்னதன் பொருள் இதுதான்.

காணியுறுதியில் எழுதப்பட்டிருக்கும் எல்லை மட்டும் போதாது என்பதையும் அப்போது அறிந்தேன். குளங்களைச் சுற்றி ஒதுக்குப் பகுதி உண்டு. வயற்பரப்பு 80 ஹெக்டெயருக்கு உட்பட்ட சிறிய குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. ஆகவே குளத்தருகே கட்ட நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் கமநல சேவை நிலையம். மேசன் பாஸிடம் அதற்குப் பிறகு போகலாம்.

தண்ணீர்க் குழாயால் ஓர் அளவீடு

மாமா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "உம்மா சும்மா பயப்படுறாங்க. நான் கண்ட நாள்ல இவ்வளவு தூரம் தண்ணி வந்ததில்ல" என்றார். அவர் ஊரில் இல்லாத பதினான்கு மாரிகளை அவர் எண்ணவில்லை. அதை அவருக்கு எப்படிச் சொல்வது? வாயால் சொல்லாமல் அளந்து காட்டுவோம் என்று தீர்மானித்தேன்.

முளைகளிலிருந்து நூறு அடி தள்ளி ஒரு முதிய மருதமரம் நின்றது. ஒரு பெருமழை வருடத்தில் தண்ணீர் ஏறிய மட்டத்தில் மூத்தாப்பா அதில் கத்தியால் கீறி வைத்திருந்தார். உம்மும்மா அந்த அடையாளத்தைக் காட்டித் தந்தார்.

மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்ரிக் குழாயை ஊரில் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். குழாய்க்குள் தண்ணீரை நிரப்பி, காற்றுக் குமிழிகளை வெளியேற்றினால், இரு முனைகளிலும் நீர் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையை மரத்திலுள்ள கீறலோடு பொருத்தி மச்சி பிடித்துக்கொண்டாள். மறுமுனையை நான் முளைகளை நோக்கிக் கொண்டுபோனேன். குழாய் எட்டாததால் நடுவில் ஒரு கம்பை நட்டு, அதில் மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து மீண்டும் தொடர்ந்தோம். கடைசியில் நீர்மட்டம் முளையடியிலிருந்து இரண்டடி மூன்று அங்குலம் உயரத்தில் நின்றது.

அதாவது, அந்த வருடத்து வெள்ளம் மீண்டும் வந்தால் மாமாவின் கட்டில் நனையும். அதை நான் சொல்லவில்லை. குழாயைப் பிடித்தபடி அவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, குனிந்து பார்த்து, குழாயைத் தன் கையில் வாங்கி மீண்டும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "அப்ப எங்க கட்டுறது?" என்று கேட்டார்.

கண்டலமவும் லுனுகங்கையும்

எங்கே கட்டுவது என்பதற்கு எனக்கு விடை தந்தவர் ஜெப்ரி பாவா. 1919இல் பிறந்து 2003இல் மறைந்த இவர் முதலில் சட்டம் படித்தவர். கட்டடக்கலைஞராகத் தகைமை பெற்றது 1957இல், தமது 38ஆவது வயதில். படிப்பை மாற்றிக்கொள்ளக் காலம் கடந்துவிட்டது என்று கவலைப்படும் தோழியருக்காக இதைச் சொல்கிறேன். 2001இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதுக் குழு இவருடைய வாழ்நாள் பணிக்குத் தலைவர் விருதை வழங்கியது.

தரம் 12இல் நாங்கள் தம்புள்ளைக்குக் கல்விச் சுற்றுலா சென்றபோது கண்டலம குளக்கட்டில் சிறிது நேரம் நின்றோம். பாவா வரைந்து, 1994இல் திறக்கப்பட்ட ஹோட்டல் எங்கே என்று எல்லோரும் தேடினோம். ஆசிரியை கையால் காட்டிய பிறகுதான் தெரிந்தது. ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளமான கட்டடம், மலைச்சாய்வோடு சாய்வாக மரங்களுக்குள் ஒளிந்திருந்தது. முதலில் அந்த ஹோட்டலைச் சீகிரியாவின் அடிவாரத்தில் கட்டவே எண்ணியிருந்தனர். பாவாதான் அதை அங்கிருந்து விலக்கி, தூரத்தில் சீகிரியாவைப் பார்க்கக்கூடிய இந்த மலைச்சாய்வைத் தேர்ந்தார். அழகான இடத்தில் கட்டுவதைவிட, அழகான இடத்தைப் பார்க்கக்கூடிய இடத்தில் கட்டுவது மேல் என்பதே அதன் பாடம்.

கட்டடத்தின் பெரும்பகுதி தூண்களில் நிற்கிறது. மலையிலிருந்து இறங்கும் மழைநீர் அதன் கீழால் தன் பழைய வழியிலேயே போகிறது. தட்டையான கூரைகளில் செடிகள் வளர்கின்றன. சுவர்களுக்கு முன்னே கொடிகள் திரைபோலத் தொங்குகின்றன. ஆயினும் அது கட்டப்படும்போது எதிர்ப்பும் எழுந்தது. குளம் மாசுபடும் எனச் சுற்றாடல் ஆர்வலரும் மதத் தலைவர்களும் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானது. தண்ணீரருகே கட்டுபவர் யாராயினும் கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு முதலில் பதில் வைத்திருக்க வேண்டும்.

பாவாவின் சொந்த ஓய்வில்லமான லுனுகங்கை, பெந்தோட்டைக்கு அருகே தெதுவ வாவிக்கரையில் இருக்கிறது. அந்தத் தோட்டத்தை அவர் 1948இல் வாங்கினார். அங்கே இருந்த பழைய பங்களாவை இடித்துப் புதிதாக ஒன்று எழுப்பவில்லை. இருந்ததையே சிறிது சிறிதாகத் திருத்தினார். அரலிய மரத்தின் கிளைகளில் பாரங்களைக் கட்டித் தொங்கவிட்டு, அவை தாழ்ந்து பரவும்வரை காத்திருந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்தத் தோட்டத்தோடு வேலை செய்தார். அவர் நிலத்தைத் தொடாமல் விட்டவர் அல்லர். வாவியைப் பார்ப்பதற்காக ஒரு குன்றின் உச்சியையே தாழ்த்தியவர். அவருடைய அந்தச் செயலை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. பார்த்துப் பார்த்து, பொறுத்துப் பொறுத்துச் செய்ததைப் பின்பற்றலாம்.

மாமாவின் காணியிலும் ஒரு பழைய வீடு இருந்தது. கரையிலிருந்து இருநூற்று இருபது அடி பின்னால், மரவரிசைக்கு அப்பால், மேட்டில் மூத்தாப்பா சேனை காவலுக்காகக் கட்டிய மண்வீடு. கூரை விழுந்துவிட்டது. தரையும் கிணறும் அப்படியே இருந்தன. அங்கே நின்று பார்த்தால் மருதமரங்களின் அடிமரங்களுக்கு இடையால் குளம் தெரிந்தது. அன்று மாலை மாமா அங்கே ஒரு கதிரையைப் போட்டு மஃரிப் வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை முளைகளைத் தானே பிடுங்கினார்.

பிளானில் என்ன இருந்தது?

முதலில் அளவு. ஒரு விடுமுறை வீட்டில் வருடத்தில் எத்தனை நாள் இருப்போம்? மாமாவின் கணக்கில் முப்பது நாள். மீதி நாட்களில் அது கறையானுக்கும் வௌவாலுக்கும்தான் வீடு. ஆகவே ஐந்து அறை என்ற எண்ணத்தைக் கைவிட்டு, இரண்டு அறைகளும் ஒரு நீண்ட விறாந்தையுமாக 750 சதுர அடியில் வரைந்தேன். கூட்டம் வந்தால் விறாந்தையில் பாய் விரிக்கலாம். கட்டாத அறைக்குச் சீமெந்து வேண்டியதில்லை. சுற்றாடலுக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி அதுவே.

இரண்டாவது திசை. எமது நாட்டில் நண்பகல் வெயில் பெரும்பாலும் தலைக்கு மேலே நிற்கும். சுவரைச் சுடுவது காலையும் மாலையும் சரிந்து விழும் வெயில். எனவே வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும். ஒடுங்கிய பக்கங்களே கிழக்கையும் மேற்கையும் பார்க்க வேண்டும். அதிர்ஷ்டவசமாகக் குளம் தெற்கே இருந்தது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்வதனால் அந்தப் பக்கத்துக் கூரையை ஐந்தடி வெளியே நீட்டினேன். மேற்கே நிற்கும் பாலைமரம் மாலை வெயிலைத் தடுக்கும். அதற்கு யாரும் மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பட்ட கிளையுள்ள மரத்தின் கீழ் கூரை வரக்கூடாது.

மூன்றாவது காற்று. குளத்தைத் தொட்டுவரும் காற்று குளிர்ச்சியானது. அது உள்ளே வந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வேண்டும். எனவே யன்னல்களை எதிரெதிராக வைத்து, கூரையின் உச்சியில் சூடான காற்று வெளியேற இடைவெளி விட்டேன். குளிரூட்டி வேண்டுமென்றிருந்த மாமா, இரண்டு மின்விசிறிகளுக்கு இறங்கி வந்தார்.

நான்காவது அத்திவாரம். தொடர் அத்திவாரம் வெட்டினால் மரவேர்கள் அறுபடும். அதனால் பழைய தரை உள்ள இடத்தை விறாந்தையாக்கி, புதிய அறைகளைத் தனித்தனித் தூண்களில், நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்தினேன். கீழால் மழைநீர் ஓடும். தூண்தலையில் தகரத் தொப்பி வைத்தால் கறையான் மறைவாக ஏறமுடியாது.

ஐந்தாவது, எனக்கு அதிகம் தலையிடி தந்த மலசலகூடம். குழியைக் குளத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ள வேண்டும். கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்குக் குறையக்கூடாது என்பது எங்கள் பக்கத்து மேசன்மாரின் கணக்கு. ஆனால் குளம் பள்ளத்தில் இருக்கிறது. கழிவுநீரும் பள்ளத்துக்கே ஓடும். மேட்டுக்கு அதை எப்படி அனுப்புவது? இரண்டு நாள் யோசித்த பிறகு விடை கிடைத்தது. குளியலறையை வீட்டின் பின்பக்கத்தில் வைத்து, குழியைப் பின்னாலும் அல்லாமல் முன்னாலும் அல்லாமல், கிணறு இல்லாத பக்கவாட்டில் அதே மட்டத்தில் அமைத்தேன். நாற்பது அடிக்கு ஓரடி சரிவு போதும். தரை மூன்றடி உயர்ந்திருப்பதால் அந்தச் சரிவு தாராளமாகக் கிடைத்தது. குளியல் நீரும் வுழூச் செய்யும் நீரும் அந்தக் குழிக்குப் போகாமல் வேறு குழாயால் வாழைப் பாத்திக்குப் போகும்.

ஆறாவது குடிநீர். வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களை வாட்டுகிறது என்பதை நாம் அறிவோம். அதனால் மழைநீரைச் சேகரிக்கத் தீர்மானித்தோம். கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். விறாந்தையும் சேர்த்து எங்கள் கூரை 100 சதுர மீற்றர். வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை என்று வைத்து, ஐந்திலொரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 96,000 லீற்றர் கிடைக்கும். அவ்வளவையும் சேமிக்க முடியாது. 5,000 லீற்றர் தாங்கிகள் இரண்டு போதும். நால்வர், ஆளுக்கு இருபது லீற்றர் வீதம் குடிக்கவும் சமைக்கவும் எடுத்தால் 125 நாட்களுக்கு வரும். கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழையில் கூரைத் தூசு கழுவப்படும். அந்த நீரைத் தாங்கிக்குள் விடாமல் பீலியிலிருந்தே வெளியேற்ற வேண்டும்.

சூரிய மின்கலத் தட்டுகளுக்காகக் கூரைக்கு மேலுள்ள மரங்களைத் தறிக்க வேண்டுமா என்று மாமா கேட்டார். நிழலில் தட்டு சரியாக வேலை செய்யாது என்பது உண்மைதான். ஆனால் தட்டு கூரையில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. கிணற்றடி வெளியில் ஒரு சட்டத்தில் நிறுத்தினோம்.

குளத்துக்குப் போக ஒற்றையடிப் பாதை மட்டும். வாகனம் பின்வாசலோடு நிற்கும். குளத்தை நோக்கி விளக்கு இல்லை. இரவில் தண்ணீர் குடிக்க வருபவற்றுள் யானையும் உண்டு. அவற்றின் வழியில் வேலியும் இல்லை.

டிசம்பரில்

மாமா கட்டாருக்குத் திரும்பிய பின் வேலை ஆரம்பமாகி, தூண்கள் எழுந்தன. டிசம்பர் விடுமுறையில் மீண்டும் போனேன். பத்து நாளாகப் பெய்த மழையில் குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது. மேட்டில் தூண்கள் ஈரத்தோடு நின்றன. அவற்றினிடையே மழைநீர் சலசலத்து ஓடியது. கீழே இறங்கிப் பார்த்தேன். முளைகள் இருந்த இடத்தில் முழங்காலளவு தண்ணீர். சிவப்புத் தீந்தை பூசிய ஐந்து மரங்களும் அதற்குள் நின்றன. தறிக்கப்பட்ட இரண்டின் அடிக்கட்டைகள் மட்டும் தெரியவில்லை. அந்த இடத்தில் மட்டும் கரை இரண்டு முழம் அரிந்து, மண் குளத்துக்குள் சரிந்திருந்தது.

படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். இரவு அவர் குரல் பதிவு அனுப்பினார். "மகள், வெட்டின ரெண்டுக்கும் பதிலா எத்தின கன்று நடணும் எண்டு உம்மாட்ட கேளுங்க."

உம்மும்மாவிடம் கேட்டேன். "நடச் சொல்லு. ஆனா அது நிழல் தாறது உங்கட பிள்ளைகளுக்குத்தான்" என்றார். தண்ணீர் வடிந்ததும் நானும் மச்சியும் பன்னிரண்டு மருதங்கன்றுகளை அரித்த கரையோரம் நட்டோம். மூன்று பட்டுவிட்டன. ஒன்பது நிற்கின்றன.

தோழியரே, எமது தலைமுறையில் பலர் குளத்தருகே, ஆற்றருகே, கடலருகே காணி வாங்குவர். வீடும் கட்டுவர். அதில் தவறில்லை. கட்டும் முன் அந்த ஊரின் மூத்த பெண் ஒருவரைக் கூட்டிச் சென்று, தண்ணீர் எதுவரை வந்தது என்று மட்டும் கேளுங்கள். அவர் காட்டும் இடத்துக்கு அப்பால் முதல் முளையை அடியுங்கள்.

மாமா முதலில் ஆசைப்பட்ட இடத்தில் இப்போது எதுவும் இல்லை. கோடையில் நீர் வற்றி அலைகரை காய்ந்ததும், அஸர் தொழுகையின் பின் உம்மும்மா அங்கே ஒரு பாயை விரித்து அமர்வார். அந்தக் காணியில் மிகச் சிறந்த இடம் அதுதான். அதில் வீடு இல்லாததால்தான் அவரால் அங்கே அமர முடிகிறது.